பெங்களூரில் நரம்பியல் ஆராய்ச்சிப் பணி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயும் பணியில் சேர விரும்பித் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, இங்குள்ள நிறுவனங்களில் எது சிறந்தது என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதைவிட, நீங்கள் விண்ணப்பிக்கும் பதவிக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அது எந்தத் தேதி வரை வரும் என்ற கேள்வியை முதலில் கேட்கப் பழகுவது நல்லது. கல்விசார் ஆராய்ச்சியில் பேராசிரியர் பதவிக்குக் கீழே உள்ள ஏறத்தாழ எல்லாப் பதவிகளும் ஏதோவொரு நிதித் திட்டத்தைச் சார்ந்தே உருவாகின்றன. விளம்பரம் எப்போது வரும், விண்ணப்பிக்க ஏன் பத்துப் பதினைந்து நாள் மட்டுமே தருகிறார்கள், நியமன உத்தரவில் ஏன் ஓராண்டு என்று மட்டும் போட்டிருக்கிறது, முதல் மாதச் சம்பளம் ஏன் தள்ளிப்போகிறது என்பன போன்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் அந்த நிதியில்தான் இருக்கிறது.

முதல் படி: பதவி யாருடையது என்று பிரித்தறிதல்

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பதவிகள் உள்ளன. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

தேசிய அளவிலான சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்விலோ, மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி.யின் பி.இ.டி. தேர்விலோ, மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தேர்விலோ வென்று பெறும் ஜே.ஆர்.எஃப். உங்களுக்கே உரியது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து அதைச் செயல்படுத்திக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் ஜே.ஆர்.எஃப். ஆகவும் அதன் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகவும் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை உதவித்தொகை வரும். மற்றொன்று ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் உள்ள ஜே.ஆர்.எஃப். பதவி. அது திட்டத்துக்கு உரியது. திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். நியமன உத்தரவில் முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்தோடு முடிவடைவது என்ற வாசகம் இருந்தால் அது இரண்டாவது வகை. அதில் சேர்ந்த ஒருவர் தானாகவே பி.எச்டி. மாணவராகிவிடுவதில்லை. பெங்களூரில் உள்ள பெரிய நிறுவனங்களில் பி.எச்டி. சேர்க்கை தனி வழியாகவே நடக்கிறது. அதே ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்தவரும் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

இதற்கும் கீழே ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட், ப்ராஜெக்ட் அசோசியேட், ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் போன்ற பதவிகள் உள்ளன; மேலே, பி.எச்டி. முடித்தவர்களுக்கான ரிசர்ச் அசோசியேட், போஸ்ட்டாக் பதவிகள் உள்ளன. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மைய அரசு விகிதப்படி ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய், ரிசர்ச் அசோசியேட் முதல் நிலை 58,000 ரூபாய். இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெங்களூர் மிகப் பெரிய நகரங்களுக்கான எக்ஸ் வகையில் வருவதால் 2024 முதல் அந்தப் படி 30 சதவீதம். ஆக ஒரு ஜே.ஆர்.எஃப். கைக்கு மாதம் 48,100 ரூபாய் வர வேண்டும். நிறுவன விடுதியில் இடம் பெற்றவர்களுக்கு வாடகைப் படி கிடைக்காது. விளம்பரத்தில் ஒரே தொகையாக, எல்லாப் படிகளும் உட்பட என்று போட்டிருந்தால் அந்தத் தொகைக்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

திட்டப் பதவியைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. எம்.எஸ்சி. முடித்தவுடன் நேரே பி.எச்டி. சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் இந்தத் துறை தனக்கு ஒத்துவராது என்று உணர்வதைவிட, ஓராண்டு திட்டப் பதவியில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது மேல் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நான்காவது திட்டப் பதவிக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள் வேலை நன்றாகக் கற்றிருந்தும், ஏன் இன்னும் பி.எச்டி. சேரவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு நேர்காணலிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: ஊரில் எங்கே என்ன நடக்கிறது என்று அறிதல்

நரம்பியல் ஆராய்ச்சி என்பது ஒரே வேலையன்று. இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது ஐ.ஐ.எஸ்.சி.யில், 2009இல் தொடங்கிய நரம்பியல் மையத்தில் மூலக்கூறு அளவிலிருந்து பார்வை, கவனம், முடிவெடுத்தல் போன்ற அறிதிறன் ஆய்வுகள் வரை நடக்கின்றன. கணினி மாதிரிகளை உருவாக்கும் ஆய்வகங்களும் அங்கு உண்டு. உயிரியல் படித்தவர்களோடு இயற்பியல், பொறியியல், உளவியல் படித்தவர்களும் சேர்ந்து இருப்பதுதான் அந்த மையத்தின் தனித்தன்மை. மின்னணுவியலில் பி.இ. படித்துவிட்டு, நமக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று தயங்குபவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம். மூளையின் மின் சமிக்ஞைகளைப் பதிவு செய்து பகுத்தாராயும் ஆய்வகங்களுக்கு சிக்னல் ப்ராசஸிங் தெரிந்தவர்கள் தேவை.

அதே வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் என்ற தன்னாட்சி அமைப்பு, முதுமையில் மூளைக்கு நேரும் மாற்றங்களை ஆராய்கிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரா வட்டத்தின் கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதை இலக்காகக் கொண்ட ஒரு நீண்டகால ஆய்வு அங்கு நடக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு உளவியல், சமூகப்பணி, செவிலியம், புள்ளியியல் படித்தவர்களும் தேவைப்படுகிறார்கள். கோலார்ப் பகுதியில் கன்னடத்தோடு தெலுங்கும் பரவலாகப் பேசப்படுகிறது. ஒசூர், கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்து வீட்டிலும் தெருவிலும் தெலுங்கு, கன்னடம் இரண்டையும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அவர்களில் பலர் இதைத் தங்கள் சி.வி.யில் குறிப்பிடுவதே இல்லை.

ஒசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் 1974இல் உருவானது. மனநலம், நரம்பியல் இரண்டுக்குமான மருத்துவமனையும் ஆய்வு நிறுவனமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. நோயாளிகளோடு தொடர்புடைய ஆய்வு வேண்டுவோர் செல்ல வேண்டிய இடம் அது. இறந்தவர்களின் மூளைத் திசுக்களைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு பெற்று ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கி ஒன்று 1995 முதல் அங்கு செயல்படுகிறது. நரம்பு உடலியங்கியல், நரம்பு வேதியியல், உயிர் இயற்பியல் போன்ற அடிப்படை அறிவியல் துறைகளும் உண்டு. தர்மபுரி, சேலம், வேலூர்ப் பகுதிகளிலிருந்தெல்லாம் தமிழ் பேசும் நோயாளிகள் அங்கு வருகிறார்கள். ஆகவே நோயாளிகளை நேர்கண்டு நினைவாற்றல் சோதனை, மனநல மதிப்பீடு முதலியவற்றைச் செய்யும் திட்டப் பதவிகளில் தமிழ் தெரிந்திருப்பது ஒரு தகுதி. தமிழ் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்குச் சேரும்போது கன்னடம் தெரியாவிட்டாலும், சேர்ந்த சில மாதங்களில் பேசக் கற்றுக்கொள்பவரையே குழு நம்பத் தொடங்கும்.

பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு மையம். பழ ஈக்களைக் கொண்டு மணமும் சுவையும் உணரப்படும் விதத்தை ஆராய்ந்த ஒபைத் சித்திக்கி நிறுவிய இடம் என்பதால், பூச்சிகளின் நரம்பு மண்டலம் அங்கு முக்கியமான ஆய்வுப்பொருளாகத் தொடர்கிறது. எலி, ஜீப்ரா மீன், கணினி மாதிரிகள் ஆகியவற்றைக் கொண்டு நினைவையும் நடத்தையையும் ஆராய்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான இன்ஸ்டெம் உள்ளது. நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து, தீவிர மனநோய் பலருக்கு இருக்கும் குடும்பங்களை ஸ்டெம் செல் வழியாக ஆராயும் திட்டத்தை நடத்திவருகின்றன. ஒரே கேள்விக்கு மருத்துவமனையிலும் செல் வளர்ப்பு அறையிலும் ஒரே சமயத்தில் விடை தேடும் இத்தகைய திட்டங்களில் வேலை செய்ய வாய்ப்பு கிடைத்தால் தவறவிடக் கூடாது. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சிறிய அளவில் ஒரு நரம்பியல் பிரிவு இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரைவிட, அன்றாடம் கையால் செய்யப்போகும் வேலை எது என்பதே முக்கியம். எலிகளைக் கொண்டு ஆய்வு செய்யும் ஆய்வகத்தில் சேர்பவர், மயக்க நிலையில் உள்ள எலியின் இதயத்தின் வழியாக முதலில் உப்புக் கரைசலையும் பிறகு பாராஃபார்மால்டிஹைடையும் செலுத்தி, மூளையை வெளியே எடுத்து, அதைக் கிரையோஸ்டாட்டில் உறையவைத்து, மயிரிழையைவிட மெல்லிய 40 மைக்ரான் சீவல்களாக வெட்டி, தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். நாள் முழுதும் குளிர்ந்த இயந்திரத்தின் முன் நின்று இதைச் செய்வது சிலருக்குத் தியானம்போல் இருக்கும், சிலருக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. விலங்கைக் கொல்ல மனம் ஒப்பாதவர் அதை வெட்கமாக எண்ணாமல், மனிதர்களிடம் இ.இ.ஜி. (மூளை மின் அலை) பதிவு செய்யும் ஆய்வகத்தையோ, கணினிப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு சொல்வதைவிட நேர்காணலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

மூன்றாம் படி: தகுதித் தேர்வுகளை ஆண்டுக் கணக்கில் திட்டமிடுதல்

பி.எச்டி. சேர்க்கைக்கான காலம் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். அதற்கான பதிவு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுவது. உயிரியல் படித்தவர்கள் எழுத வேண்டிய தாள் லைஃப் சயன்சஸ். உளவியல் படித்தவர்கள் யு.ஜி.சி. நெட் எழுதுகிறார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உயிரியலுக்காக நடத்தும் ஜே.ஜி.இ.இ.பி.ஐ.எல்.எஸ். என்ற கூட்டுத் தேர்வு டிசம்பர் வாக்கில் நடக்கும், என்.சி.பி.எஸ். பி.எச்டி.க்கு முக்கிய வாயில் அதுவே. அது மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வன்று. ஒரு பரிசோதனையின் முடிவை வரைபடமாகத் தந்து, அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கேட்கும் வகையைச் சேர்ந்தது. நெட் தேர்வுக்காகக் கோச்சிங் போனவர்கள் அதே தயாரிப்போடு அங்கு போய்த் திணறுவதுண்டு. பழைய வினாத்தாள்களை வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஐ.ஐ.எஸ்.சி.க்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பித்து, தேசியத் தேர்வு ஒன்றில் தகுதி பெற்றதைக் காட்டி, பிறகு நேர்காணலுக்குப் போக வேண்டும். நிம்ஹான்ஸ் தன் பி.எச்டி. சேர்க்கைக்கென்று தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இளநிலைப் பட்டத்தோடு நேரே வர விரும்புவோருக்கு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் ஜவாஹர்லால் மையத்திலும் முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு வழியாக ஒருங்கிணைந்த பி.எச்டி. உள்ளது.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள் கோடைகால ஆய்வு உதவித்தொகையை முயன்று பார்க்க வேண்டும். சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, மற்ற இரு அகாதெமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் இதை வழங்குகிறது. கோடைக்கு விண்ணப்பம் மழைக்காலத்திலேயே போட வேண்டும் என்பதால் இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். ஆய்வகத்தையே நெருங்க முடியாத ஊர்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் எலி மூளைத் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஓப்பன்நியூரோ தளத்தில் மனிதர்களின் மூளைப் படங்களும் இ.இ.ஜி. பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்ணை மூடியவுடன் தலையின் பின்பக்கத்தில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஆல்ஃபா அலை பெருகுவது இத்துறையின் மிகப் பழைய, மிக உறுதியான அவதானிப்புகளில் ஒன்று. அதை ஒரு பொதுத் தரவில் பைத்தான் கொண்டு நீங்களே எடுத்துக் காட்டி, நிரலையும் படத்தையும் கிட்ஹப்பில் போட்டு வைத்தால், சி.வி.யில் எழுதும் பத்துச் சான்றிதழ்களைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சான்றிதழ் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. ஆராய்ச்சிப் பயிற்சி என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் பதினைந்து தொழில்நுட்பங்கள் கற்றுத்தந்ததாகச் சான்றிதழ் தரும் தனியார் இடங்கள் இந்த ஊரில் உண்டு. பணம் கட்டிப் பெற்ற அந்தத் தாளை எந்த ஆய்வகமும் அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அரசு நிறுவனம் ஒன்றில் திட்டப் பதவி வாங்கித்தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விளம்பரத்தைப் படிக்கும் முறை

ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் பணி வாய்ப்புகளுக்கான பக்கம் ஒன்று இருக்கும். பெங்களூரிலிருந்தே இயங்கும் இந்தியா பயோசயன்ஸ் என்ற அமைப்பு நாடு முழுவதிலும் உள்ள அறிவிப்புகளைத் திரட்டித் தருகிறது. வாரம் ஒருமுறை இவற்றைப் பார்ப்பது போதும். பார்க்கும்போது சம்பளத்துக்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்: நிதி தரும் அமைப்பு, திட்டத்தின் தலைப்பு, திட்டம் முடியும் நாள். டி.பி.டி., ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு, ஐ.சி.எம்.ஆர். போன்றவை தரும் திட்டங்கள் பலவும் மூன்று ஆண்டுகளுக்கானவை. மூன்றாவது ஆண்டின் நடுவில் ஒரு ஜே.ஆர்.எஃப். பதவிக்கு விளம்பரம் வந்தால், முன்பு இருந்தவர் பி.எச்டி.க்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார் என்றும், மீதமுள்ள சில மாதங்களுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். அதில் சேரக் கூடாது என்பதில்லை. அடுத்து எங்கே போவது என்பதைச் சேர்ந்த நாள் முதலே யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே வரும் விளம்பரத்துக்குப் போட்டி அதிகம் இருந்தாலும், கருவி வாங்குவது முதல் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவது வரை ஓர் ஆய்வு எப்படித் தொடங்குகிறது என்று உடனிருந்து பார்க்க முடியும்.

விளம்பரத்தில் நெட் அல்லது கேட் அவசியம் என்று போட்டிருந்தால் அது நிதி தரும் அமைப்பின் விதி. பேராசிரியர் விரும்பினாலும் அதைத் தளர்த்த இயலாது. விரும்பத்தக்க தகுதி என்று போட்டிருப்பவை வேறு. பேட்ச் கிளாம்ப் (ஒற்றை நரம்பு செல்லின் மின் பதிவு), மேட்லேப் (கணக்கீட்டு மென்பொருள்), கான்ஃபோக்கல் (நுண்ணோக்கி), எலிகளைக் கையாளுதல் என்று ஐந்தாறு இருக்கும்; ஐந்தும் தெரிந்தவர் அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார் என்பது விளம்பரம் எழுதியவருக்கும் தெரியும். ஒன்றிரண்டு தெரிந்தாலே விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாம் படி: கடிதம் எழுதுதல்

பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலில்தான் பலருடைய வாய்ப்பும் நழுவுகிறது. புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் பணிபுரியும் பேறு வேண்டும், சிறுவயது முதலே மூளை மீது எனக்கு ஆர்வம் என்று தொடங்கும் கடிதங்கள் எல்லா ஆய்வகங்களுக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சில சமயம் பெயர்கூட மாறாமல் வேறு ஒருவர் பெயரோடு வந்து சேர்கிறது.

நல்ல கடிதம் ஆங்கிலத்தில் பதினைந்து வரிகளைத் தாண்டாது. முதலில் நீங்கள் யார், எப்போது சேர முடியும், சொந்த உதவித்தொகை இருக்கிறதா என்று இரண்டு வரி. அடுத்து அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஓர் உண்மையான கேள்வி. எடுத்துக்காட்டாக, பயத்தைக் கற்ற எலிகளின் மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் நரம்பு இணைப்புகள் கூடுவதை மூன்றாவது படத்தில் காட்டியிருக்கிறீர்கள். அதே எலிகளில் பயம் தணிந்த பிறகு அந்த இணைப்புகள் குறைகின்றனவா, அல்லது அப்படியே இருந்து வேறொரு பகுதி அவற்றை அடக்குகிறதா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை ஏற்கெனவே வெளியாகியிருந்தாலும் குற்றமில்லை. அவருடைய கட்டுரையை ஒருவர் படம் வரை போய்ப் படித்திருக்கிறார் என்பதே போதும். கடைசியாக, உங்களால் செய்யக்கூடிய ஒரு வேலை. சி.வி. இரண்டு பக்கம், பரிந்துரைக்கக்கூடிய இருவரின் பெயர், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த பிறகு.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், பெரும்பாலும் அவரிடம் இப்போது பணம் இல்லை என்றே பொருள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்து புதிய தவணை வந்து சேரும் வரை, ஆள் எடுக்க விரும்பும் பேராசிரியருக்கும் கை கட்டப்பட்டிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே நபருக்கு மீண்டும் எழுதலாம். அதைத் தொந்தரவாக யாரும் கொள்வதில்லை.

ஆறாம் படி: நேர்காணல்

நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் திட்டப் பதவிகளுக்கு வாக்-இன் நேர்காணல் நடப்பதுண்டு. மூலச் சான்றிதழ்களோடு நகல்களும் வேண்டும், காலையிலேயே போய்ப் பெயர் பதிய வேண்டும், மதியம் வரை காத்திருக்க வேண்டியும் வரலாம். ஒசூர்ப் பக்கமிருந்து பேருந்தில் வருவோர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கணக்கில் கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது நல்லது.

கேள்விகள் பாடப்புத்தகத்தின் அடிப்படையிலிருந்தே தொடங்கும். நரம்பு செல்லின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தின் அளவைக் கூட்டினால் அது எந்தப் பக்கம் நகரும் என்பது அடுத்த கேள்வி. ஓய்வு நிலையில் செல் சவ்வு பொட்டாசியத்தையே அதிகம் கசியவிடுகிறது. வெளியே அதன் அளவு கூடினால் உள்ளிருந்து வெளியேறும் நாட்டம் குறையும். ஆகவே மின்னழுத்தம் பூச்சியத்தை நோக்கி நகரும். இதை மனப்பாடமாகச் சொல்பவருக்கும் பலகையில், அயனிச் செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எழுதிக் காட்டி விளக்குபவருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டைப் பற்றிய கேள்விகளே நேர்காணலின் பெரும்பகுதி. வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை அளக்கும் சோதனை) செய்ததாக எழுதியிருந்தால் லோடிங் கன்ட்ரோலாக (ஒப்பீட்டுப் புரதமாக) எதை வைத்தீர்கள், ஏன் என்று கேட்பார்கள். எத்தனை எலிகள், அந்த எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தீர்கள், எந்தப் புள்ளியியல் சோதனை, பி மதிப்பு 0.04 என்றால் அதன் பொருள் என்ன என்று தொடர்வார்கள். வேறொருவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், பார்த்திருக்கிறேன், நானாகச் செய்ததில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் யாருக்கும் பதவியை இழக்க வைத்ததில்லை; செய்ததாகச் சொல்லிவிட்டு ஆன்டிபாடியின் பெயர் தெரியாமல் விழிப்பதுதான் இழக்க வைக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அதற்காகக் கூசத் தேவையில்லை. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளிலிருந்து வந்த எத்தனையோ பேர் இந்த ஆய்வகங்களில் இருக்கிறார்கள். மெதுவாக, சிறு வாக்கியங்களில், பலகையில் படம் வரைந்து சொன்னால் போதும்.

நேர்காணலின் முடிவில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். திட்டம் எந்த மாதம் முடிகிறது, இந்த ஆண்டுக்கான தவணை வந்துவிட்டதா, வேலை ஒரு கட்டுரையாக வெளியானால் திட்டப் பணியாளரின் பெயர் அதில் இடம்பெறும் வழக்கம் உண்டா, நெட் தேர்வுக்கு விடுப்பு கிடைக்குமா என்று பணிவோடு கேட்கலாம். பிறகு ஆய்வகத்தின் பி.எச்டி. மாணவர்களில் ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அண்ணா, அக்கா என்று அழைத்துப் பேசத் தமிழர் ஒருவர் கிடைத்தால் எளிது. கிடைக்காவிட்டாலும் கேண்டீனில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விஷயம் தெரிந்துவிடும். கடந்த சில ஆண்டுகளில் அந்த ஆய்வகத்திலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பாதியில் விட்டுப் போனவர்கள் பலர் இருந்தால், அதற்கான காரணத்தைப் பேராசிரியரின் புகழ் ஈடுசெய்யாது.

ஏழாம் படி: சேர்தலும் இருத்தலும்

தேர்வானவுடன் ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். திட்டப் பணியாளர்களுக்கு விடுதி கிடைப்பது அரிது. ஐ.ஐ.எஸ்.சி.க்கு அருகே மத்திகெரேயிலும், என்.சி.பி.எஸ்.ஸுக்கு அருகே சஹகாரநகர், எலஹங்கா பக்கமும், நிம்ஹான்ஸுக்கு அருகே லக்கசந்திரா, வில்சன் கார்டன் பக்கமும் பி.ஜி. தேடலாம். தனி வீடு எடுத்தால் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இவ்வூர் வழக்கம். ஆகவே முதலில் பி.ஜி.யே உசிதம். முதல் சம்பளம் வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று, அலுவலகக் கோப்பு எல்லாம் நகர்ந்து வருவதற்குள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். நிதித் தவணை தாமதமானால் இடையிலும் நிற்கும். பின்னர் நிலுவையோடு சேர்ந்து வரும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வீட்டிலிருந்தோ சேமிப்பிலிருந்தோ வைத்துக்கொண்டு வந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

பி.எச்டி. முடித்துவிட்டு இந்த ஊருக்கு வருபவர்களுக்கு வழி வேறு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.என்.ஆர்.எஃப். வழங்கும் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை, டி.பி.டி. ரிசர்ச் அசோசியேட்ஷிப், ஐ.ஐ.எஸ்.சி.யின் சி.வி. ராமன் உதவித்தொகை, இந்தியா அலையன்ஸ் அமைப்பின் தொடக்கநிலை உதவித்தொகை ஆகியவை முக்கியமானவை. எல்லாவற்றுக்கும் உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் முதலில் வேண்டும் என்பதால் கெடுவுக்கு நான்கைந்து மாதம் முன்பே பேசத் தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி, ராமானுஜன் உதவித்தொகைகளும், சொந்த ஆய்வகம் தொடங்க முனைவோருக்கு இன்ஸ்பயர் ஃபேகல்டியும் உள்ளன. குழந்தைப்பேறு முதலிய காரணங்களால் இடைவெளி விட்ட பெண்களுக்கு டி.பி.டி.யின் பயோகேர் திட்டம் இருக்கிறது.

திட்டப் பதவியில் இருக்கும் காலத்தில், முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே சில வேலைகளைத் தொடங்கிவிட வேண்டும். ஆய்வுக் குறிப்பேட்டைத் தேதிவாரியாக முடித்து ஒப்படைப்பது, ஃப்ரீசரில் உங்கள் பெயரில் உள்ள மாதிரிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து ஆய்வகத்தின் பொதுக் கணினியில் வைப்பது, எந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு எது என்பதை மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொள்வது ஆகியவை அவற்றில் அடங்கும். அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயர், திட்டத்தின் எண், சேர்ந்த நாள், விலகிய நாள் நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று கையெழுத்தாவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். திட்டக் கணக்கு மூடப்பட்ட பிறகு ஒரு தேதியைத் திருத்தி வாங்குவதற்குள் அடுத்த சேர்க்கைக் கெடுவே போய்விடும்.